மயங்குரு எழுத்துக்களும் இணைய உலாவியும்

லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், ணகர, நகர, னகரங்களும் மயங்கொலி எழுத்துக்கள் என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் நன்கு அறிவர். 'வலி' வேறு, 'வளி' வேறு, 'வழி' வேறு. காதால் கேட்டு எழுதுங்கால் தடுமாற்றம் நேரும். எழுதியதைக் கண்ணால் காணுங்கால் தடுமாற்றத்துக்கு இடமில்லை. இதற்கு நேர்மாறான மயக்கம் ஒன்றும் உண்டு. ஒலியாலும் மொழியாலும் வேறுபட்ட இரண்டு எழுத்துக்கள் உருவத்தால் மட்டும் ஒன்றாகத் தோன்றும் மயக்கம் அது. அத்தகையவற்றை 'மயங்குரு எழுத்துக்கள்' என்று இக்கட்டுரையில் வழங்குவோம். மனிதக் கண்ணுக்கு அவை ஒன்று. கணினிக்கு அவை வேறு வேறு. கண்ணுக்கும் கணினிக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டின் வழியாக, இணைய உலாவியைப் பயன்படுத்துவோரை ஏமாற்ற முடியும் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

உலாவியின் பாதுகாப்புக் குறைபாடுகள் பலவகையின. பெரும்பாலானவை நிரல் எழுதுவதில் நேரும் பிழைகளால் வருவன. அவற்றைக் கண்டறிவதும் களைவதும் கணினித் துறையாரின் பணி. உலாவியைத் தயாரிப்போர் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுவதும், அதனை உடனே நிறுவிக்கொள்ளுமாறு வேண்டுவதும் பெரிதும் இதன்பொருட்டே. ஆனால் நாம் இங்கு எடுத்துக்கொண்ட குறைபாடு எழுத்தின் இயல்பிலேயே வேர்கொண்டது. ஆதலின் எழுத்திலக்கணம் கற்றோர் இதனைப் பற்றிப் பேச உரிமை உண்டு. பேச வேண்டிய தேவையும் உண்டு என்பது பின்னர் விளங்கும்.

சுவடியும் திரையும்

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்க்கு எழுத்துருவ மயக்கம் புதிதன்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறும் என்பதால் சுவடி எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்ததாகக் கூறப்படும் சீர்திருத்தமும், அதன்பின் பரவிய அச்சும் இம்மயக்கங்களைப் போக்கின. அதுவரை படிப்பவரே பொருளறிந்து, யாப்பறிந்து, முன்னும் பின்னும் நோக்கி, 'இவ்விடத்தில் இது ரகரமே. காலன்று' என்று துணிய வேண்டியிருந்தது. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் உழைப்பில் ஒரு பகுதி இத்தகைய துணிபுகளிலேயே கழிந்தது.

சுவடி படிப்பவருக்குத் துணையாகப் பொருள் இருந்தது. உலாவிக்கு அத்துணை இல்லை. கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. உலக மொழிகளின் எழுத்துக்கள் அனைத்துக்கும் 'ஒருங்குறி' என்னும் பொதுத் தரத்தில் தனித்தனி எண் வழங்கப்பட்டுள்ளது. கணினி அறிவது அந்த எண்ணை மட்டுமே. தமிழ் உகரத்தின் எண் 2953. இரண்டைக் குறிக்கும் ௨ என்னும் தமிழ் இலக்கத்தின் எண் 3048. மலையாள உகரத்தின் எண் 3337. மூன்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதினால் வேறுபாடு காண்போர் அரியர். இங்கே இரண்டு சொற்களைத் தருகிறோம்: உலகம், ௨லகம். இவற்றுள் இரண்டாவது சொல் உகரத்தில் தொடங்கவில்லை. இரண்டு என்னும் இலக்கத்தில் தொடங்குகிறது. படிப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ககரமும் ஒன்றைக் குறிக்கும் ௧ என்பதும், எகரமும் ஏழைக் குறிக்கும் ௭ என்பதும், அகரமும் எட்டைக் குறிக்கும் ௮ என்பதும் இவ்வாறே மயங்கும்.

அரபு எழுத்தை அறிந்தோர் இக்கல்லூரியில் பலர் உளர். அவர்கள் ஓர் எடுத்துக்காட்டைத் தம் கண்ணாலேயே காணலாம். அரபு மொழியின் 'யா' எழுத்தும் பாரசீக மொழியின் 'யா' எழுத்தும் சொல்லின் முதலிலும் இடையிலும் வரும்போது வடிவில் சிறிதும் வேறுபடா. ஆயினும் ஒருங்குறியில் இரண்டுக்கும் வெவ்வேறு எண்கள். அரபு விசைப்பலகையில் எழுதிய பெயரும் பாரசீக விசைப்பலகையில் எழுதிய அதே பெயரும் கணினிக்கு இரு வேறு பெயர்கள் ஆகிவிடுகின்றன. இங்கே ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை; இருப்பினும் மயக்கம் உண்டாகிறது.

இலத்தீன் எழுத்துக்கும், ருஷ்ய மொழி முதலியவற்றை எழுதப் பயன்படும் சிரில்லிக் எழுத்துக்கும் உள்ள ஒப்புமை இன்னும் நெருக்கமானது. இரண்டும் கிரேக்க எழுத்தின் வழிவந்தவை. ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'யின் எண் 97. அதே வடிவுடைய சிரில்லிக் எழுத்தின் எண் 1072. ஆங்கில 'ஓ'வின் எண் 111, சிரில்லிக்கில் 1086. ஆங்கிலத்தின் 'பி' சிரில்லிக்கில் ரகரமாக ஒலிக்கும். எண்கள் முறையே 112, 1088. பல எழுத்துருக்களில் இவை ஒரே அச்சில் வார்த்தவை போன்றே இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படாது.

முகவரியின் மொழி

உலாவியின் மேற்புறத்தில் உள்ள முகவரிப் பட்டையே நாம் எங்கு நிற்கிறோம் என்பதைக் காட்டும் பலகை. தளத்தின் உள்ளே உள்ள படம், நிறம், முத்திரை ஆகிய அனைத்தையும் எவரும் படியெடுத்துவிடலாம். முகவரியை மட்டும் படியெடுக்க இயலாது. ஒரு பெயர் ஒருவருக்கே பதிவு செய்யப்படும். இந்த உறுதியின்மேல்தான் இணைய வங்கிப் பணியும் வணிகமும் கட்டப்பட்டுள்ளன. இன்று மாணவரின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், முதியோரின் ஓய்வூதியம், ஹஜ் விண்ணப்பம், வங்கிக் கணக்கு ஆகிய யாவும் உலாவியின் வழியே நடைபெறுகின்றன. முகவரிப் பட்டை பொய் சொன்னால் இவை அனைத்தும் ஆட்டங்காணும்.

தொடக்கத்தில் இணைய முகவரிகளுக்கு 37 குறிகளே உரியனவாக இருந்தன. ஆங்கில எழுத்து 26, இலக்கம் 10, சிறு கோடு 1. உலகெங்கும் உள்ள பெயர்க் கணினிகள் இந்த 37 குறிகளை நம்பியே அமைக்கப்பட்டவை. ஆங்கிலம் அறியாத மக்கள் தம் மொழியில் முகவரி எழுத விரும்பியபோது அத்தனை கணினிகளையும் மாற்றியமைப்பது இயலாத செயலாக இருந்தது. ஆகவே 2003ஆம் ஆண்டில் ஓர் இடைவழி கண்டனர். ஆடம் காஸ்டெலோ என்பவர் வகுத்த 'பியூனிகோடு' என்னும் முறைப்படி, எம்மொழிப் பெயரையும் அந்த 37 குறிகளுக்குள் அடங்கும் ஒரு சரமாக மாற்றிவிடலாம். அது மாற்றப்பட்ட பெயர் என்பதை உணர்த்த 'எக்ஸ்', 'என்' என்னும் இரண்டு எழுத்துக்களும் இரண்டு சிறு கோடுகளும் முன்னே நிற்கும். உலாவி பயனருக்குத் தாய்மொழிப் பெயரைக் காட்டும். பெயர்க் கணினிக்கு அச்சரத்தை அனுப்பும். உலாவி ஈண்டு மொழிபெயர்ப்பாளன் ஆகிறது. இரு தரப்பாரும் மொழிபெயர்ப்பாளனை நம்பியே பேசிக்கொள்கின்றனர்.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் பெயர்கள் அரபு எழுத்திலேயே முகவரியின் இறுதியில் இடம்பெற்றன. அதனை அடுத்து இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகியவை தமிழ் எழுத்தில் இடம்பெற்றன. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழில் இணைய முகவரிகளின் இறுதியாக நிற்பது நமக்குப் பெருமையே. அப்பெயர்களின் மறுபக்கத்தையும் பார்ப்போம். 'இந்தியா' என்பது பெயர்க் கணினிக்குச் செல்லும்போது முற்கூறிய நான்கு குறிகளுக்குப் பின் எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, ஈ, ஈ, 0, ஹெச் என்று ஆகிறது. இதனைக் கண்டு 'இந்தியா' என்று உணரும் தமிழர் எவரேனும் உளரோ? இவ்வினாவை மறவாது வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மூன்று மெய்ப்பிப்புகள்

இஸ்ரேல் நாட்டின் டெக்னியான் கல்வி நிறுவனத்தைச் சார்ந்த எவ்கெனி கப்ரிலோவிச், அலெக்ஸ் கோன்ட்மாகர் ஆகிய இருவர் 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் அமெரிக்கக் கணினி ஆய்விதழில் சிறு கட்டுரை ஒன்று வெளியிட்டனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயரில் 'சி', 'ஓ' ஆகிய எழுத்துக்களுக்கு மாற்றாக ருஷ்ய எழுத்துக்களைப் பெய்து, அப்பெயரைத் தம் பெயரில் பதிவும் செய்து காட்டினர். உலாவிகள் பிறமொழி முகவரிகளைப் பரவலாக ஏற்காத காலம் அது. ஆகவே நோய் வருமுன்னரே நோய்க்குறி உரைத்த கட்டுரை என்று அதனைக் கூறலாம்.

2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் எரிக் ஜோஹான்சன் என்பார் 'பேபால்' என்னும் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில் ஒரே ஒரு 'ஏ'யை மட்டும் சிரில்லிக் எழுத்தாக மாற்றிக் காட்டினார். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, ஆப்பரா ஆகிய உலாவிகள் உண்மைப் பெயரையே காட்டுவது போலக் காட்டி ஏமாந்தன. அக்காலத்தில் பெரும்பான்மையோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏமாறவில்லை. அது விழிப்பாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பிறமொழி முகவரி என்பதே அதற்குத் தெரியாது! கல்லாமையே கவசமாயிற்று. உலகிற்குத் தன் கதவைத் திறந்த உலாவிகளே இடருக்கு ஆளாயின.

இதன்பின் உலாவிகள் ஒரு விதியை மேற்கொள்ளத் தொடங்கின. முகவரியின் ஒரு பகுதியில் இலத்தீனும் சிரில்லிக்கும் விரவி வந்தால் அதனை எழுத்தாகக் காட்டாமல் பியூனிகோடு சரமாகவே காட்டுவது என்பது அவ்விதி. நல்ல விதிதான். ஆயினும் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் காவலர், முழு மாறுவேடத்தில் வருபவரை விட்டுவிடுவது உண்டு. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் சூதோங் ஜெங் என்னும் ஆய்வாளர் 'ஆப்பிள்' என்பதன் ஐந்து எழுத்துக்களையுமே சிரில்லிக்கில் அமைத்தார். கலப்பே இல்லாமையால் விதி மீறப்படவில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆப்பரா ஆகியவை அப்பெயரை ஐயமின்றிக் காட்டின. அவ்வைந்து எழுத்துக்களுள் 'எல்' போல நின்றது 1231ஆம் எண்ணுக்குரிய ஓர் எழுத்து. செச்செனியர், அவார் முதலிய காக்கேசிய மலைநாட்டு மக்கள் தம் மொழியின் சிறப்பொலிகளை எழுத அவ்வெழுத்து இன்றியமையாதது. அவர்தம் மொழிக்கு உயிரான எழுத்து, பிறர் கையில் முகமூடி ஆயிற்று.

அந்தத் தளத்தில் பூட்டுச் சின்னமும் இருந்தது என்பதை மாணவர்கள் சிறப்பாகக் கருதவேண்டும். பூட்டு என்பது 'நீ அனுப்பும் செய்தியை இடையில் எவரும் படிக்க முடியாது' என்று மட்டுமே உறுதி கூறும். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்வதில்லை. முத்திரையிட்ட உறையில் கடிதம் அனுப்பலாம். முகவரி தவறாயின் முத்திரை என்ன செய்யும்? கூகுள் நிறுவனம் 2021இல் நடத்திய ஆய்வில், பூட்டின் சரியான பொருளை அறிந்தவர் 11 விழுக்காட்டினரே என்று கண்டது. 2023ஆம் ஆண்டில் குரோம் உலாவியிலிருந்து அச்சின்னமே நீக்கப்பட்டு வேறு சின்னம் வைக்கப்பட்டது.

மருந்தா, தண்டனையா?

இம்மயக்கத்தைப் போக்க மிக எளிய வழி ஒன்று உண்டு. ஆங்கிலமல்லாத முகவரிகள் அனைத்தையும் பியூனிகோடு சரமாகவே காட்டிவிடுவது அது. 2005இல் ஃபயர்ஃபாக்ஸ் தற்காலிகமாகச் செய்ததும் அதுவே. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு அம்மருந்து பலிக்கும். 'ஆப்பிள்' என்று எதிர்பார்த்த இடத்தில் புரியாத சரம் ஒன்று நின்றால் அவர் உடனே விழித்துக்கொள்வார்.

தமிழ் படிப்பவரின் நிலை என்ன? முன்னர் எழுப்பிய வினாவை இங்கே நினைவுகொள்க. உண்மையான தமிழ் முகவரியும் அவருக்குப் புரியாத சரமாகத் தெரியும். போலியான தமிழ் முகவரியும் புரியாத சரமாகத் தெரியும். இரண்டு சரங்களுள் எது மெய், எது பொய் என்று அவர் எங்ஙனம் அறிவார்? எழுத்தாகக் காட்டியிருந்தால் ஓரளவாவது உற்றுநோக்கித் தேறியிருப்பார். ஒருவரைக் காக்கும் மருந்தே மற்றொருவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. உலாவியின் பாதுகாப்பு விதிகளை வகுத்தவர்கள் தம் மனத்துள் இலத்தீன் எழுத்தைப் படிக்கும் ஒருவரையே 'பயனர்' என்று கொண்டிருந்தனர் என்பது நம் கருத்து. அவர்கள் தீய எண்ணத்துடன் அவ்வாறு செய்ததாக நாம் கூறவில்லை. தாம் படிக்கும் எழுத்தையே எழுத்தின் பொது இயல்பாகக் கருதுவது எம்மொழியாருக்கும் உள்ள வழக்கம்.

எழுத்தொப்புமையால் ஒரு நாடே தன் பெயரை எழுத முடியாமல் நின்றதும் உண்டு. சிரில்லிக் எழுத்தின் தொட்டில் என்று போற்றப்படும் பல்கேரியா, தன் நாட்டின் இரண்டெழுத்துக் குறியைத் தன் எழுத்திலேயே முகவரியின் இறுதியில் வைக்க வேண்டியது. அக்குறி பிரேசில் நாட்டின் இலத்தீன் குறியைப் போலத் தோன்றுகிறது என்று கூறி 2010ஆம் ஆண்டில் அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. பல்கேரியர் விடவில்லை. மறு ஆய்வுகளுக்குப் பின் 2016ஆம் ஆண்டில் அக்குறி இடம்பெற்றது.

2017இல் எழுந்த சிக்கலுக்கு இரண்டு உலாவிகள் இரு வேறு விடைகளைத் தந்தன. ஒரு பெயர் முழுவதும் இலத்தீனை ஒத்த சிரில்லிக் எழுத்துக்களால் ஆகி, '.காம்' போன்ற இலத்தீன் இறுதியுடன் வந்தால் மட்டும் அதனைச் சரமாகக் காட்டுவது என்று குரோம் தன் 58ஆம் பதிப்பில் விதி செய்தது. ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா அமைப்பினர் அத்தகைய விதியை அப்போது ஏற்கவில்லை. ஒருவர் பெயரை மற்றவர் களவாடாமல் பார்த்துக்கொள்வது பெயர்களைப் பதிவு செய்யும் பதிவகங்களின் கடமை என்றும், அக்கடமையை உலாவி முழுவதும் தன் தலையில் ஏற்றுக்கொண்டால் இலத்தீன் அல்லாத எழுத்துக்கள் சமநிலையை இழக்கும் என்றும் அவர்கள் கூறினர்.

எழுத்துக்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்னும் மொசில்லாவின் கொள்கை நம் நெஞ்சுக்கு இசைவானதே. ஆயினும் கொள்கையை நிலைநாட்டும் வரையில் ஏமாறுபவர் ஏமாந்துகொண்டிருப்பார். குரோம் செய்த விதி குறுகியது. தவறு நிகழும் இடத்தை மட்டும் தொடுவது. ஒரு மொழியை முழுவதும் ஐயுறாமல் ஒரு சூழ்ச்சியை மட்டும் தடுக்கும் அம்முறையே ஏற்றது என்று கருதுகிறோம். 2019 முதல் குரோம் மற்றொன்றும் செய்கிறது. புகழ்பெற்ற தளம் ஒன்றின் பெயரை ஒத்த முகவரிக்குச் செல்ல முற்பட்டால், 'நீங்கள் கருதியது இந்தத் தளமா?' என்று இடைநின்று வினவுகிறது. எழுத்தை அழிக்காமல் மனிதரை எச்சரிக்கும் இம்முறை பாராட்டத்தக்கது.

நாள்தோறும் நேரும் மோசடிகளுக்கு இத்தனை நுட்பம் தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் துறை மாணவி ஒருவர், கல்வி உதவித்தொகைக்கு உரிய தளம் என்று அலைபேசிக்கு வந்த இணைப்பு ஒன்றைக் காட்டி, இதில் வங்கிக் கணக்கு எண்ணைத் தரலாமா என்று வினவினார். அதில் சிரில்லிக் எழுத்து எதுவும் இல்லை. தெரிந்த ஒரு பெயருக்குப் பின் சிறு கோடு இட்டு வேறொரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள், அவ்வளவே. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரண்டையும் நெருக்கி எழுதினால் 'எம்' போலத் தோன்றும். 'எல்' என்பது ஒன்று என்னும் எண்ணைப் போலத் தோன்றும். மயங்குரு எழுத்துக்கள் ஆங்கிலத்துக்குள்ளேயே உண்டு என்பதை ஆங்கிலமே பாதுகாப்பானது என்று கருதுவோர் நினைத்துப் பார்க்கலாம்.

அம்மாணவிக்கு நாம் கூறியதை இங்கும் கூறலாம். வந்த இணைப்பை அழுத்தாமல், வேண்டிய முகவரியை நாமே தட்டச்சிட்டுச் செல்வது மேல். நாம் தட்டும் எழுத்து நம் விசைப்பலகையின் எழுத்தாகவே இருக்கும். அதில் வேற்றெழுத்து நுழைய வழியில்லை. மற்றொன்று, கடவுச்சொற்களை நினைவில் வைத்துக் காக்கும் வசதி இன்று உலாவியிலேயே உண்டு. அது தளத்தின் பெயரைக் கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணால் ஒப்பிடுகிறது. 97ஆம் எண் இருக்க வேண்டிய இடத்தில் 1072 இருந்தால் அது ஏமாறாது. கடவுச்சொல்லை எடுத்துத் தராது. நாள்தோறும் தானே நிரம்பும் பெட்டி ஒருநாள் நிரம்பாமல் நின்றால், கருவி பழுது என்று எண்ணி நாமே தட்டச்சிட்டுவிடுவது வழக்கம். அவ்விடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். இதனை வீட்டில் உள்ள முதியோருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு மாணவர்களுடையது.

தமிழுக்குள் உள்ள மயக்கம்

தமிழும் மலையாளமும் ஒரே பெயரில் விரவி வந்தால் எழுத்துக்கலப்பு விதி அதனைப் பிடித்துவிடும். ௨லகம் என்பதை அவ்விதி பிடிக்காது. ஏனெனில் ௨ என்னும் இலக்கமும் தமிழ்த் தொகுதியைச் சார்ந்ததே. அங்கே கலப்பு ஏதும் இல்லை. இவ்வகை மயக்கத்தைக் கண்டறிந்து சொல்லத் தமிழ் அறிந்தவரே வேண்டும்.

சில இரட்டை வழக்குகளைக் கணினியே தீர்த்துக்கொள்கிறது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்னும் இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே விதித்திருப்பதால், முகவரியாக மாறுமுன் அவை ஒன்றாக்கப்பட்டுவிடும். 'ஸ்ரீ' என்பதன் நிலை வேறு. 2005ஆம் ஆண்டில் 'ஶ' என்னும் எழுத்து ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட பின், ஒரே வடிவத்தை 'ஸ' வழியாகவும் எழுதலாம், 'ஶ' வழியாகவும் எழுதலாம் என்றாயிற்று. திரையில் ஒன்றாகத் தெரியும் அவ்விரண்டையும் சமம் என்று தரம் கூறவில்லை.

இந்திய எழுத்துக்கள் ஒன்பதுக்கு முகவரி விதிகளை வகுப்பதற்கென இணையப் பெயர்களை மேலாளும் 'ஐகேன்' அமைப்பின்கீழ் ஒரு குழு அமைந்தது. தமிழுக்கான விதிகள் 2019ஆம் ஆண்டில் நிறைவுற்றன. மலையாளத்தோடு மயங்கும் எழுத்துக்களும் அவற்றில் கருதப்பட்டுள்ளன, இலக்கங்கள் இடம்பெறவில்லை. மகிழத்தக்க செய்தியே. எனினும் அவ்விதிகள் முகவரியின் இறுதிப் பகுதிக்கு, அதாவது 'இந்தியா', 'இலங்கை' போன்று நிற்கும் பெயர்களுக்கு மட்டுமே உரியவை. அதற்கு முன்னே வரும் கடையின் பெயர், கல்லூரியின் பெயர், வங்கியின் பெயர் ஆகியவற்றை அந்தந்தப் பதிவகமே ஆராய்ந்து ஏற்க வேண்டும்.

தமிழ்த்துறையில் நாள்தோறும் காணும் எழுத்து ஒன்றே இதற்குச் சான்று. 'ஔ' என்பது ஓர் எழுத்து; அதன் எண் 2964. மாணவர் தட்டச்சிட்டுத் தரும் கட்டுரைகளில் பெரும்பாலும் அதற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து 'ஒளவையார்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். அச்சிட்ட நூல்களிலும் இவ்வழக்கு மிகுதி. அங்கே இருப்பது ஔகாரம் அன்று. 2962, 2995 என்னும் இரண்டு எழுத்துக்கள். இலக்கணப்படி அச்சொல்லை 'ஒ-ள-வையார்' என்றே படிக்க வேண்டும்; படிப்பவர் எவரும் அவ்வாறு படிப்பதில்லை. கண் தானே திருத்திக்கொள்கிறது. நாளை ஒருவர் ஔவையின் பெயரில் ஒரு பள்ளிக்கோ பதிப்பகத்துக்கோ தமிழ் முகவரி பதிவாராயின், அவர் ஒன்றைப் பதிய, மற்றொருவர் மற்றொன்றைப் பதியலாம். இரண்டும் தூய தமிழ், கலப்பு இல்லை, உலாவி இரண்டையும் ஐயமின்றிக் காட்டும். பதிவகம் தானே இரண்டாவதைத் தடுத்து வைக்காவிடில், பெயருக்கு உரியவர் இரண்டு வடிவங்களையும் தாமே பதிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.